சுற்றவாளி

கோப்பின் முதுகில் வழக்கு எண்ணைச்
சிவப்பு மையால் எழுதுவது என் வேலை.
செவ்வாய்க்கிழமைகளில் மீன்பிடி வழக்குகள்.

முதல் தடவை நிதுர்சன் கூண்டில் ஏறியபோது
வயது பத்தொன்பது. ஊர் திமிலைதீவு.
சான்றுப் பொருள்: தங்கூசி வலை ஒன்று,
ஈரம் காயாதது,
கண்ணியில் செவுள் மாட்டிய மணலைக் குஞ்சோடு.
"குற்றவாளியா, சுற்றவாளியா?"
"என்ன?" என்று திருப்பிக் கேட்டான்.
குற்றம் அவனுக்குத் தெரியும்.
மற்றது, நீதிமன்றத்துக்கு வெளியே
யாரும் யாரையும் அழைக்காத சொல்.

ஏன் அந்த வலை என்று ஒருவரும் கேட்கவில்லை.
படிவத்தில் அதற்கு இடமில்லை.
வெளியே மாமரத்தடியில் தாய்தான் சொன்னா:
"நூல்வலைக்கு ரெண்டு கிழமையா மீனில்ல புள்ள.
வியாழக்கிழமை எண்டா லோன்காரர் வந்து
வாசலுக்க குந்திருவாங்க,
காசு குடுக்குமட்டும் போகமாட்டாங்க."
தங்கூசி விற்ற கடை பிரதான வீதியில் இருக்கிறது.
அதற்குக் கோப்பு இல்லை.
தண்டம் கட்ட
இன்னொரு லோன்.

மறுகா, ரியூசன் வாசலில் ஒரு சைக்கிள் காணாமல் போனது.
ஜீப் எங்கேயும் நிற்காமல் திமிலைதீவுக்குப் போனது.
நாலாம் நாள் அந்தச் சைக்கிள்
சொந்தக்காரப் பொடியனின் மச்சான் வீட்டில்
கோடிப்புறம் சாத்திக் கிடந்தது.
ஆனால் வழக்குத் தவணை பதினாலாம் நாள்.
அதுவரை விளக்கமறியல்.

'விடுதலை' என்று நான்தான் எழுதினேன்.
ஊரில் அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.
சந்தியில் அவன் பெயரே 'சைக்கிள்' ஆயிற்று.
மேசன் வேலைக்குக் கூப்பிட்டவர்
சாமான் அறைத் திறப்பை
மடியில் முடிந்துகொண்டு கூப்பிட்டார்.

உள்ளே அவனுக்குப் பாயில் பாதி கொடுத்தவர்கள்
அவனை முழுப்பெயர் சொல்லி அழைத்தார்களாம்.
திறப்பில்லாமல் மோட்டார் சைக்கிளை எழுப்ப
எந்த வயரோடு எந்த வயரை ஒட்டுவதென்று
கோபிக்காமல், இரண்டு தரம் சொல்லிக் கொடுத்தார்களாம்.
நன்னடத்தை அலுவலரின் அறிக்கையில் எல்லாம் இருக்கிறது,
நாலாம் பக்கம்.
அதுவரை புரட்டுவதற்கு
அன்றைக்கு வழக்குகள் அறுபத்திரண்டு.

மகளின் குடியியல் தாளில் ஒரு வினா:
'குற்றவாளி உருவாவது எவ்வாறு? ஐந்து புள்ளி.'
என்னிடம் கேட்டாள்.
அடுப்பில் சோறு இருந்தது, எழும்பிப் போய்விட்டேன்.

பதினாலு வயதில்
பாணின் வயிற்றைக் கிண்டி இரண்டு பற்றரி வைத்து
வலையிறவுப் பாலத்தால் நடந்தவள் நான்.
வயலில் யானை, அப்பாவின் டோர்ச் செத்துக் கிடந்தது.
அந்த வருடம் பற்றரி குற்றம்.
காவலில் நின்றவன் என் பாணை அமத்திப் பார்க்கவில்லை.
முன்னால் நின்றவளின் பையைக் கொட்டினான்.
அவளை ஒரு பக்கமாய் நிற்கச் சொன்னார்கள்.
நான் கிறுகிப் பார்க்கவில்லை.
இன்று அதே வீதியில், பெட்டிக்கடையில்
பற்றரிகள் சரமாய்த் தொங்குகின்றன.
நான் அரசாங்க இலிகிதர், ஓய்வூதியமும் உண்டு.
அவளுடைய பெயர் எந்தக் கோப்பிலோ.

நேற்று நிதுர்சனின் மூன்றாம் கோப்பு.
இம்முறை களவு மெய்.
பறிகொடுத்தவ குடும்பநல மாது.
ஒன்பது நாள்
கர்ப்பிணிகளின் வீடுகளுக்கு வெயிலில் நடந்திருக்கிறா.
சாட்சிக் கூண்டில் அவவின் செருப்பைப் பார்த்தேன்,
குதியில் தேய்ந்து தரை தெரிந்தது.
யாருடைய ஏழ்மையாலும்
அந்தச் செருப்பைத் தைக்க முடியாது.

முதலியார் தொடங்கினார்: "குற்றவாளியா, சுற்..."
கேள்வி முடியமுன் பதில் வந்தது,
விலாசம் கேட்டால் சொல்வதுபோல,
மடமடவென்று.